கையுறை யந்திரமும் கூலியின் கடனும்

ஆஸ்பத்திரிகளில் வைத்தியர்களும் தாதிமாரும் ஒரு முறை அணிந்து கழற்றி எறிந்துவிடும் ரப்பர்க் கையுறைகளை எண்ணி, அடுக்கி, பெட்டியில் இடும் வேலைக்கு இனி மனிதர் வேண்டுவதில்லை. யந்திரங்களே அதைச் செய்துவிடும் என்று மலேஷியாவின் கையுறை முதலாளிகள் சில வருஷங்களாகப் பெருமிதத்துடன் கூறி வருகிறார்கள். பெருமைக்குரிய காரியந்தான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவர்களுக்காகப் பரிந்து பேசுவோர் சிலர் இத்துடன் நில்லாமல் மற்றொன்றும் சொல்லுகிறார்கள். தொழிலாளரைக் கடனில் கட்டி வேலை வாங்கியதாக அத்தொழிலின்மீது எழுந்த குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் யந்திரமே பரிகாரம் என்பது அவர்கள் கட்சி. ஆள் இல்லையேல் ஆளைப் பற்றிய புகாரும் இல்லையாம். முதலிற் சொன்னதை வரவேற்று, பின்னர்ச் சொன்னதை ஆட்சேபிக்கவே இன்று பேனாவை எடுத்தோம்.

விஷயம் அறியாத நேயர்களுக்குத் தொழிலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கொரோனா நோய் பரவுவதற்கு முந்தைய வருஷங்களில் உலகம் உபயோகித்த ரப்பர்க் கையுறைகளில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு மலேஷியாவிலிருந்து சென்றது. கைவடிவமான பீங்கான் அச்சுகள் ஆயிரக்கணக்கில் ஒரு நீண்ட சங்கிலியில் கோக்கப்பட்டு இரவு பகலாக நகர்ந்துகொண்டிருக்கும். அவற்றைக் கழுவி, கால்ஸியம் நைட்ரேட் கரைந்த நீரில் தோய்த்து உலர்த்தி, ரப்பர்ப் பாலிலோ நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரின் பாலிலோ அமிழ்த்தி எடுத்தால் மெல்லிய ஏடு படிகிறது. மணிக்கட்டு விளிம்பைச் சுருட்டி, வெந்நீரில் அலசி, நூறு டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுள்ள அடுப்பினூடே செலுத்தினால் அந்த ஏடு உரம் பெற்று உறையாகிறது. இவ்வளவையும் யந்திரம் நெடுங்காலமாகவே செய்து வருகிறது. பெரிய ஆலைகளில் ஒரே வரிசை மணிக்கு 40,000-க்கும் அதிகமான உறைகளைச் செய்து தள்ளுகிறது. ஆனால், உறையை அச்சினின்று உரிப்பதும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் உறைகளைப் பிரித்து நீவி எண்ணுவதும், நூறு நூறாகப் பெட்டியில் அடைப்பதும் கடைசிவரை மனிதக் கைகளிடமே நின்றன.

இதற்குக் காரணம் வேடிக்கையானது. இரும்புத் தகட்டை அப்பளம்போல் மடிக்கும் யந்திரத்துக்கு, சில கிராம் எடையுள்ள ஓர் உறையைக் குவியலிலிருந்து எடுக்கத் தெரியவில்லை. உறைக்கு நிலையான வடிவமில்லை. காற்றுப் பட்டால் சுருளும். பக்கத்து உறையோடு ஒட்டும். விரல்கள் உள்ளே மடிந்து கிடக்கும். குவியலில் விழுந்துவிட்ட உறையின் தலை எது, கால் எது என்று கண்டறிய நாலு வயதுக் குழந்தைக்கு இருக்கும் சாமர்த்தியம் பெரிய யந்திரத்துக்கும் இருக்கவில்லை. ஆகவே நிபுணர்கள் குவியலை விட்டுவிட்டு, உறை இன்னும் அச்சின்மேல் இருக்கும் கணத்தைப் பற்றிக்கொண்டார்கள். அப்போது உறைக்கு வடிவம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது. காற்றை ஊதி மணிக்கட்டு விளிம்பை விலக்கி, சிறு இடுக்கிகளால் அதைப் பிடித்து உருவி, கைவிடாமலே ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்துவிட்டால், எண்ணிக்கையும் தானே கணக்காகிறது; ஒழுங்கும் கெடுவதில்லை. பிறகு அடுக்கைப் பெட்டிக்குள் தள்ளுவதும், மூடி ஒட்டுவதும், பத்துப் பெட்டிகளை ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் இறக்குவதும் எளிய வேலைகளே. கிழிசலையும் கறையையும் காமிராக் கண்கள் பார்த்துக்கொள்ளுகின்றன. ஹார்த்தலேகா போன்ற கம்பெனிகள் இந்த உரிக்கும் யந்திரங்களில் முன்னோடிகளாக நின்று பெயர் பெற்றன.

இதனால் நோயாளிக்கும் நன்மையுண்டு. கையால் வாரித் திணித்த பெட்டியில் கைவிட்டு ஓர் உறையை இழுத்தால் நாலைந்து சேர்ந்து வரும். இரண்டு தரையில் விழும். எஞ்சியதன் விரல்பகுதியைத் தாதியின் கழுவாத கை தொட்டுவிடும். ஒழுங்காக அடுக்கிய பெட்டியிலிருந்து மணிக்கட்டுப் பக்கமாக ஒவ்வொன்றாக வருகிறது. நோயாளியின் புண்ணைத் தொடப்போகும் உறையை அதற்கு முன் தொடும் மனிதக் கைகள் எத்தனை குறைகின்றனவோ அத்தனை க்ஷேமம்.

தொழிலாளிக்கும் நன்மையுண்டு என்றே நாம் கருதுகிறோம். அடுப்பு வாயில் நின்று, கண்முன் நிற்காமல் ஓடும் சூடான அச்சுகளிலிருந்து உறையை வெடுக்கு வெடுக்கென்று உரித்து எறிவதும், பன்னிரண்டு மணி நேரம் ஒரே மேஜையில் குனிந்து நூறு நூறாக எண்ணுவதும் ஒரு மனிதனுக்கு எந்த வித்தையையும் கற்பிப்பவை அல்ல. அவனுடைய கண்ணையும் தோளையும் தேய்த்துவிட்டு அவனை வந்தபடியே அனுப்புபவை. யந்திரம் என்ற மாத்திரத்தில் முகம் சுளிப்பவர்கள் நம் நாட்டில் உண்டு. மகாத்மா காந்தியைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அவரோ 1924-ம் வருஷத்தில் தையல் யந்திரத்துக்கு விலக்களித்தவர். மனைவி படும் சிரமத்தைக் கண்டு பொறாமல் ஸிங்கர் அதைச் செய்தார் என்பதையே காரணமாகக் காட்டினார். அந்தக் கதையைப் போன்றதே கையுறையின் பிறப்பும். 1889-90 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹால்ஸ்டெட் என்ற ரணசிகிச்சை நிபுணரிடம் கரோலின் ஹாம்ப்டன் என்னும் தாதி வேலை பார்த்தார். கருவிகளைச் சுத்தம் செய்யும் பாதரச மருந்தினால் அவர் கைகள் வெந்து புண்ணாயின. ஹால்ஸ்டெட் குட்யியர் ரப்பர்க் கம்பெனிக்கு எழுதி, அவர் கைக்கு அளவெடுத்து மெல்லிய உறைகள் செய்வித்தார். பின்னர் அவரையே மணம் புரிந்துகொண்டார் என்பது வேறு விஷயம். நோயாளியைக் காப்பதற்கு உறை உதவும் என்பது பிற்பாடு தெரிந்ததே. முதல் உறை, வேலை செய்யும் ஒருத்தியின் கையைக் காப்பதற்காகவே பிறந்தது.

நிற்க. அந்த மேஜைகளில் குனிந்து எண்ணியவர்கள் யார்? பெரும்பாலோர் நேபாளம், வங்காள தேசம், பர்மா முதலிய நாடுகளிலிருந்து வந்த ஏழைகள். வேலைக்கு அனுப்பும் தரகர்களுக்குக் கொடுப்பதற்காக நிலத்தை அடகு வைத்தும், மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கியும் கப்பலேறியவர்கள். இன்று விமானமேறியவர்கள் என்று சொல்லவேண்டும். ஊதியத்தில் ஒரு பங்கு மாதந்தோறும் அந்தக் கடனுக்குப் போகும். வேலை பிடிக்கவில்லையென்று வேறொரு முதலாளியிடம் செல்ல அவர்களுடைய அநுமதிச் சீட்டு இடந்தராது. கடன் தீருமட்டும் ஊர் திரும்பவும் முடியாது. காவலும் விலங்கும் இன்றியே மனிதன் கட்டுண்டு கிடக்கும் நிலை இது.

இதைச் சட்டத்தின் வாயால் முதலில் பேசியது மலேஷியாவன்று. சரக்கை வாங்கும் நாடு. ஐக்கிய அமெரிக்காவின் 1930-ம் வருஷத்திய சுங்கச் சட்டத்தின் 307-வது பிரிவு, கட்டாய உழைப்பால் செய்த சரக்கு அந்நாட்டில் இறங்கலாகாது என்கிறது. ஆனால், உள்நாட்டுத் தேவைக்குப் போதிய அளவு அங்கே உற்பத்தியாகாத சரக்குக்கு இந்தத் தடை இல்லை என்று ஒரு விலக்கும் அதே பிரிவில் இருந்தது. அதாவது, வேண்டாத சரக்கானால் தருமம் பேசுவது, வேண்டிய சரக்கானால் கண்ணை மூடிக்கொள்வது! சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் இத்தகைய பிரிவுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறோம். ஆயினும் இவ்வளவு வெளிப்படையானதை அதிகம் பார்த்ததில்லை. எண்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் நீடித்த அந்த விலக்கு 2016-ல் எடுபட்டது. அதன் பிறகே பிரிவுக்குப் பல் முளைத்தது. 2019 செப்டம்பரில் மலேஷியக் கையுறைக் கம்பெனி ஒன்றின் சரக்கு நிறுத்தப்பட்டது. 2020 ஜூலையில், உலகத்திலேயே மிகப் பெரியதான டாப் குளோவ் கம்பெனியின் இரண்டு கிளைகளின் சரக்கு தடுக்கப்பட்டது. கடன் பிணைப்பு, மிதமிஞ்சிய வேலை நேரம், பாஸ்போர்ட் முதலியவற்றைப் பிடித்து வைத்தல், தகாத இருப்பிடம் ஆகியவற்றுக்கு அறிகுறிகள் இருப்பதாக அமெரிக்கச் சுங்க இலாகா காரணம் கூறியது. 2021 மார்ச்சில் மலேஷியாவில் அக்கம்பெனி செய்த உறைகள் எல்லாவற்றுக்குமே தடை விரிந்தது. கையுறைக்கு உலகமே தவித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

இதற்கிடையே 2020 நவம்பரில் கிள்ளானுக்கு அருகே மேரு என்னுமிடத்தில் அக்கம்பெனியின் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா புகுந்தது. சுமார் 5,800 பேரைச் சோதித்ததில் 2,453 பேருக்கு நோய் கண்டது. 28 ஆலைகளைப் படிப்படியாக மூடும்படி சர்க்கார் உத்தரவிட்டது. உலகத்தின் கைகளை நோயினின்று காக்கும் உறைகளைச் செய்தவர்கள், அடுக்குக் கட்டில்களில் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிப் படுத்திருந்தார்கள்.

கிள்ளான் என்ற பெயர் தமிழருக்குப் புதியதன்று. அந்த வட்டாரம் முன்பு ரப்பர்த் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டியவர்கள் நம்மவர்கள். 1941-ம் வருஷத்தில் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு ஒன்றை மட்டும் கேட்கவில்லை. தோட்டத்தில் கள்ளுக்கடை வேண்டாம், குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயம் கூடாது என்று கேட்டார்கள். "தமிழ் நேசன்" பத்திரிகையில் வேலை பார்த்த ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைவராக நின்றார். அவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின.

அந்தப் பழைய சரித்திரத்தில் இன்றைய வழக்குக்குப் பொருந்தும் சாட்சியம் ஒன்று இருக்கிறது. கங்காணிகள் நம் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் கட்டிச் சென்றதும், அந்த முன்பணமே கூலியின் கழுத்துக் கயிறானதும் எல்லோரும் அறிந்தவை. 1907-ல் மலேயா சர்க்கார் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்திற்று. தோட்ட முதலாளிகள் ஒவ்வொருவரிடமும் வரி வசூலித்து, அதிலிருந்து கூலிகளின் கப்பற் செலவைக் கொடுத்தார்கள். வந்திறங்கும் கூலியின் தலையில் வழிச்செலவுக் கடன் இருக்கலாகாது என்பது ஏற்பாடு. தருமசிந்தனையால் வெள்ளைக்காரர் இதைச் செய்தார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். ரப்பருக்கு ஆள் தேவைப்பட்டது, செய்தார்கள். அந்த ஏற்பாட்டிலும் கொடுமைகள் நிறைந்தே இருந்தன. 1938-ல் இந்திய சர்க்கார் உதவிப்பணத்துடன் கூலிகளை அனுப்புவதையே தடுத்துவிட்டதும் அதனாலேதான். ஆயினும் அந்நிய ஆட்சியில் துரைமார் ஒப்புக்கொண்ட அளவு நியாயத்தை, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, சுதந்திர நாட்டில், கோடி கோடியாக லாபம் கண்ட தொழில் ஒப்புக்கொள்ள அமெரிக்கத் துறைமுகத்தின் கதவு மூடவேண்டியிருந்தது என்றால், இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன?

யந்திரமே பரிகாரம் என்னும் வாதத்துக்கு இப்போது வருவோம். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவன் ஊரைவிட்டுப் போய்விட்டால் கடன் தீர்ந்துவிடுமா? நியாயஸ்தலத்தில் அப்படி ஒரு வாதத்தை ஆரம்ப வக்கீலும் எடுத்துச் சொல்லத் துணியார். யந்திரம் வந்ததும் அநேகமாக நடப்பது இதுதான்: தொழிலாளியை யாரும் துரத்துவதில்லை, அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அவனுக்கு அந்த நாட்டில் வோட்டு இல்லை. சங்கத்தின் பலமும் சொற்பம். சத்தமின்றி விமானமேறிப் போய்விடுகிறான். மூன்று வருஷத்தில் தீர்த்துவிடலாம் என்று அவன் கணக்கிட்ட கடன், ஒன்றரை வருஷத்தில் வேலை போனால், பாதியாக நின்று அவனுக்கு முன்னே அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். யந்திரம் அவனுடைய கஷ்டமான வேலையை எடுத்துக்கொண்டது. அவனுடைய கடனை எடுத்துக்கொள்ளவில்லை. யந்திரத்தைப் பழுது பார்க்கவும் நடத்தவும் புதிதாக ஏற்படும் நல்ல உத்தியோகங்கள் அவனுக்குக் கிடைப்பதும் அரிது.

பரிகாரம் செய்ய முடியாததா இது? டாப் குளோவ் கம்பெனியே செய்து காட்டியிருக்கிறது. தரகர்களுக்குத் தொழிலாளர் கொடுத்த பணத்துக்கு ஈடாக அது மொத்தம் சுமார் 13 கோடியே 60 லக்ஷம் ரிங்கிட் திருப்பிக் கொடுத்தது, விடுதிகளையும் திருத்தியது. 2021 செப்டம்பரில் அமெரிக்கத் தடை நீங்கியது. தாமதமாகச் செய்தாலும் செய்ததைச் செய்ததென்றே கூறவேண்டும்.

அந்தத் தொகை பெரிதாகத் தோன்றலாம். கணக்குப் பார்ப்போம். அக்கம்பெனியின் ஆலைகள் அப்போது ஆண்டுக்குச் சுமார் 10,000 கோடி உறைகள் செய்யும் சக்தியுடையவை என்று அதுவே கூறிக்கொண்டது. அதில் பாதியையே செய்ததாக வைத்துக்கொண்டாலும், அந்தத் தொகை முழுவதும் ஒரே வருஷத்து உறைகளின்மீது பரவினால், நூறு உறைகள் கொண்ட பெட்டி ஒன்றுக்கு 27 சென் ஆகிறது. அமெரிக்க நாணயத்தில் ஏழு ஸெண்டுக்கு மேலில்லை. நோய்க்கு முன் ஆயிரம் உறை சுமார் 20 டாலருக்கு விற்றது. நோய் உச்சத்திலிருந்தபோது 100 டாலரையும் தாண்டியது. அதாவது, இரண்டு டாலர்ப் பெட்டி பத்து டாலர்ப் பெட்டியாயிற்று. இந்த எட்டு டாலர் ஏற்றத்திலிருந்து ஏழு ஸெண்டை ஒதுக்கினால், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பலவருஷக் கடன் தீர்ந்துபோகிறது. 2021-ல் முடிந்த கணக்கு வருஷத்தில் அக்கம்பெனிக்குக் கிடைத்த நிகர லாபம் 780 கோடி ரிங்கிட்டுக்கு மேல்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று முதலாளிகள் பதில் சொல்லுவார்கள். உண்மைதான். 2022 முதல் விலை சரிந்தது. அளவுக்கு மீறிக் கட்டிய ஆலைகள் வெறுமே கிடந்தன. சீனத்துக் கம்பெனிகள் போட்டிக்கு வந்தன. லாபம் குவித்தவர்களே நஷ்டக் கணக்கு எழுதினார்கள். இந்த நிலையில் ஆள்கூலியைக் குறைக்க யந்திரம் வேண்டும் என்கிறார்கள். வேண்டுமானால் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால், நல்ல காலத்தில் தொழிலாளியின் கடனைத் தீர்க்க நினைவு வராதவர்கள், கெட்ட காலத்தைக் காட்டி அதே கடனைத் தள்ளிப்போடக் கேட்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? யந்திரத்தை விற்பவன் விலையைக் கணக்கில் வைக்காமல் விற்பதில்லை. தவணைக்குக் கொடுத்தாலும் வட்டியோடு வாங்கிக்கொள்ளுகிறான். யந்திரத்துக்குப் பதிலாக வெளியேறும் மனிதனுக்குச் சேரவேண்டியதையும் அந்த யந்திரத்தின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிடவேண்டும் என்பதுதான் நாம் கோருவது. தரகுப் பணம் திரும்பி வரவேண்டும். ஒப்பந்தக் காலத்தின் மிச்சத்துக்கு ஊதியமோ, அதே நாட்டில் வேறு முதலாளியிடம் சேர அநுமதியோ கிடைக்கவேண்டும். இரண்டாவது மலேஷிய சர்க்காரின் கையில் இருக்கிறது. பணச் செலவில்லாமலே அவர்கள் அதைச் செய்யலாம்.

வாங்குகிறவர்களும் குற்றத்தில் பங்காளிகளே. ஆஸ்பத்திரி அதிகாரிகள் உலகமெங்கும், நம் தேசத்திலுந்தான், கீழ்விலைக்காரரையே அழைத்துக் கையுறை வாங்குகிறார்கள். ஓர் உறையில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிஷத்தில் சொட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. ஊசிமுனை அளவு துவாரத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை உறைக்கு எத்தனை ஓட்டை இருக்கலாம் என்பதற்கெல்லாம் டெண்டர் பத்திரத்தில் விதி இருக்கிறது. அதே பத்திரத்தில் இரண்டு வரி சேர்க்கவேண்டும். இந்தச் சரக்கைச் செய்த தொழிலாளர் வேலைக்கு வருவதற்காக யாருக்காவது பணம் கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் அது திரும்பக் கொடுக்கப்பட்டதா என்பது ஒன்று. கடந்த மூன்று வருஷங்களில் யந்திரம் வைத்ததால் வெளியேறியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பது மற்றொன்று. விடையை எழுதித் தர மறுக்கும் கம்பெனியின் பத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அதற்கடுத்த விலைக்காரரை அழைக்கட்டும்.